கேந்திக் கொல்லையும் முப்பது வேலியும்

நான் இப்போது இருக்கும் ஊரில் பூவை யாரும் பறிப்பதில்லை. வந்த புதிதில் என்னை அதிகம் படுத்தியது குளிர் இல்லை, இதுதான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வாசலில் இரண்டு பெரிய தொட்டிகள் உண்டு. கோடையில் அவற்றில் கேந்திப்பூ வைப்பார்கள். தெற்கே செண்டுமல்லி என்பார்களே, அதேதான். கொத்துக் கொத்தாகப் பூக்கும், நன்றாக விரியும், பிறகு செடியிலேயே பழுத்து, கறுத்து, அழுகித் தொங்கும். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகு என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவார்கள். எனக்கோ கை பரபரக்கும். ஒருநாள் வேலைக்குள் நுழையும்போது பழக்க தோஷத்தில் நாலு பூவைக் காம்போடு கிள்ளிவிட்டேன். என்னோடு வேலை பார்க்கும் பெண் என் கையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பிறகு மெதுவான குரலில், இன்றைக்கு உனக்கு மனசு சரியில்லையா என்று கேட்டாள். பூவைக் கிள்ளுகிறவளுக்கு ஏதோ கவலை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்று மத்தியானம் எனக்கு ஒரு கேக் துண்டு அதிகம் கிடைத்தது.

இது கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரம். நான் திண்டிவனத்துக்காரி, சரியாகச் சொன்னால் ஓமந்தூர்ப் பக்கம். என் வீட்டுக்காரர் சேகர் விழுப்புரம், திருவாமாத்தூர் போகிற வழி. எனக்கு இங்கே வேலை கிடைத்ததால் இருவரும் வந்தோம். இப்போது அவர் இந்த ஊர் டவுன் பஸ் ஓட்டுகிறார். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியைத் திருப்பியவருக்கு உலகத்தில் எந்த ஊரிலும் வண்டி திருப்பலாம் என்பது அவருடைய கட்சி. வந்து ஐந்து வருடமாகிறது. இங்கே ஊருக்கு வெளியே தோட்ட மனைகள் உண்டு. க்ளைன்கார்ட்டன் என்பார்கள். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் சங்கத்தில் பெயர் கொடுத்துவைத்தால், என்றைக்காவது ஒருநாள் ஆறு சென்ட் அளவில் ஒரு மனை குத்தகைக்குக் கிடைக்கும். நான் மூன்று வருடம் காத்திருந்தேன், போன வசந்தத்தில் கிடைத்தது. ஓர் ஆப்பிள் மரம், ஒரு மரக்குடிசை, இடுப்பு உயர வேலி, அதற்கு ஒரு படல். சாவியை வாங்கிய அன்று படலைத் திறந்து மூடி, திறந்து மூடி, நாலைந்து தடவை செய்து பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் உள்ளே நின்று படலைச் சாத்தின முதல் ஆள் நான்தான்.

எங்கள் பக்கம் புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். நானும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் கேந்திப்பூ பறித்தவர்கள். விடிவதற்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பூ வாடும். புடவை முந்தானையை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு பக்கச் செடியில் பறித்துக்கொண்டே சாலில் நடக்க வேண்டும். மடி நிரம்பினால் கோணியில் கொட்டுவோம். கோணியைக் கொல்லைக்காரர் திண்டிவனம் பூக்கடைக்கு முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் மிச்சப் பகல் முழுக்கக் களை எடுப்பு. சாயங்காலம் சோற்றைப் பிசைந்தால் சோறு முழுக்கக் கேந்தி வாசம் அடிக்கும். அந்த வாசத்தை மணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பச்சை நெடி அது. பூவுக்கே உரிய நெடி. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டதும் அதற்காகத்தான். ஆகவே ஊர் நினைப்பில் உருகிப்போய்க் கேந்தி வளர்க்க ஆசைப்பட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விஷயம் ஆயுத பூஜை. அன்றைக்குத் தமிழ்நாட்டில் கேந்தி மாலை விழாத இரும்பு கிடையாது. பஸ், லாரி, மில், தையல் மெஷின், சைக்கிள் பெடல் வரை மாலை போடுவார்கள். அதனால் அன்றைக்குப் பூவுக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒரு நல்ல பூ கூடப் பூக்கடையைத் தவிர வேறு பக்கம் போகாது. பறிக்கிற எங்களுக்கு, கசங்கினது, காம்பு ஒடிஞ்சது, புழு கடித்தது என்று கோணியில் சேராத பூக்கள் கிடைக்கும். அடிபட்ட பூ என்போம். அம்மா அதில் பத்துப் பன்னிரண்டை மடியில் போட்டுக்கொண்டு வந்து, தன் களைக்கொத்தைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, அதன் மேல் பரப்பிவிடும். மாலையாகக் கோக்க அந்தப் பூ தாங்காது. திண்டிவனம் வண்டிகளின் மூஞ்சியில் தொங்கின மாலையெல்லாம் எங்கள் கையால் பறித்த பூ. எங்கள் வீட்டு இரும்புக்கு நான் பார்த்த வரையில் ஒரு வருடம் கூட மாலை விழுந்ததில்லை. அம்மா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. எனக்குத்தான் அது தொண்டையில் மாட்டிய முள்.

நான் கிளம்பும்போது அம்மா அந்தக் களைக்கொத்தின் இரும்பை மட்டும் பிடியிலிருந்து கழற்றி, பழம்புடவைத் துணியில் சுற்றிக் கொடுத்தது. தனக்கு இனிமேல் முட்டி மடங்காது, களைக்குக் கூப்பிட்டாலும் போகிறதில்லை, பிடியை அங்கே போய்ப் போட்டுக்கொள் என்றது. விமான நிலையத்தில் அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சேகர் நல்ல வாயாடி என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இங்கே வந்து துணியைப் பிரித்தால், உள்ளே அந்த வருடத்துப் பூஜையின் அடிபட்ட பூக்கள் காய்ந்து சருகாகிக் கிடந்தன. உதிர்த்துப் பார்த்தேன், கறுப்பு ஊசி விதை. கொஞ்ச காலம் அவற்றை டப்பாவில் வைத்திருந்து, ஒரு வருடம் பால்கனித் தொட்டியில் போட்டேன். ஒன்பது செடி வந்தது. அந்த ஒன்பதில் எடுத்த விதைதான் மனை கிடைத்ததும் முந்நூறு நாற்றானது. இந்த வருடம் அம்மாவின் களைக்கொத்துக்கு, என் நிலத்தில் என் பூவில், ஒழுங்கான ஒரு முழு மாலை. அதை அம்மா போனிலாவது பார்க்க வேண்டும். அம்மாவிடம் சொல்லவில்லை. என் மனசுக்குள் சத்தியமே செய்துகொண்டேன்.

மே மாதப் பனி ஓய்ந்ததும் நட்டேன். ஊரில் எப்படிப் பார்த்தேனோ அப்படி: இரண்டடிக்கு ஒரு செடி, கயிறு பிடித்து மூன்றடிக்கு ஒரு வரிசை, வேலியிலிருந்து வேலி வரை. பக்கத்து மனைக்காரர் ஹோர்ஸ்ட், டிராம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், வேலிக்கு மேல் கையை ஊன்றி ஒரு மணி நேரம் பார்த்தார். அம்மாவின் இரும்புக்குப் பிடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆஷ் என்ற மரத்தில் இழைத்து, எண்ணெய் தடவி, அவர் போட்ட பிடியைப் பார்த்தால் களை எடுக்கவே மனசு வராது. கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதையெல்லாம் சாப்பிடுவீர்களா? நான் பெருமையாக, இல்லை, பார்ப்பதற்கும் இல்லை, பறிப்பதற்கு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

செடி முழங்காலுக்கு வந்ததும் நுனி கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளை வெடித்துப் பூ இரட்டிப்பாகும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து முந்நூறையும் கிள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை படலைத் திறந்தால், ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு தயிர்க் கப் மண்ணில் விளிம்பு வரை புதைந்திருக்கிறது. குனிந்து மோந்து பார்த்தேன். பீர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு இப்படித்தான் வரிசையாகச் சாராயம் படைப்பார்கள். இந்த மனையில் ஏதோ காவல் தெய்வம் இருக்கிறது, பழைய ஆட்கள் படையல் வைக்கிறார்கள், நான்தான் ஒன்றும் தெரியாமல் பூட்ஸ் காலோடு திரிந்திருக்கிறேன் என்று நினைத்து, அவசரமாக பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கை கூப்பி நின்றேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முனி எல்லா ஊர்லயும்தான் கீது. நீ ஒரு சுருட்டையும் சேத்து வெச்சுடு" என்றது. அந்த நேரம் ஹோர்ஸ்ட் வந்தார். ஈர மண்ணில் வெறுங்காலோடு கை கூப்பி நிற்கும் என்னைப் பார்த்துப் பதறி, தன் வீட்டு ரப்பர் பூட்ஸைக் கொண்டு வந்து நீட்டினார். பிறகுதான் விஷயம் புரிந்தது. என் செடிகளின் நுனி அத்தனையையும் ஒரே ராத்திரியில் நத்தைகள் தின்றுவிட்டன என்று மனம் கசிந்து, நத்தையைப் பிடிக்கும் பீர்ப் பொறியை விடியற்காலையில் வந்து வைத்திருக்கிறார். கிள்ளியது நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை நத்தையைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

ஜூன் கடைசியில் சங்கத்தார் மூன்று பேர் அட்டையும் பேனாவுமாக மனை மனையாகப் பார்த்து வந்தார்கள். காய்கறி எங்கே என்று தலைவி அம்மாள் கேட்டார். காய்கறி இல்லை, முழுக்கப் பூ என்று நான் சிரித்த முகத்தோடு சொன்னேன். பாராட்டப் போகிறார்கள் என்று நினைப்பு. எழுதிக்கொண்டு போனார்கள். பத்து நாளில் கடிதம் வந்தது. சேகர் அதைப் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தார். மனையில் மூன்றில் ஒரு பங்காவது காய், கனி விளைய வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூ கூடாது. முதல் வருடக் குத்தகை சோதனைக் குத்தகை. நான்கு வாரத்தில் சரி செய்யாவிட்டால் மனை திரும்ப எடுக்கப்படும். படித்து முடித்துவிட்டு, "இன்னா வளரு, ஆறு சென்ட்டுல ஒரே ஒரு கத்திரிச் செடி கூடவா வெக்கத் தோணல?" என்று கேட்டார். வளரு என்பது வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயர்.

நிஜமாகவே தோன்றவில்லை. அதைப் பற்றிப் பிறகு நெடுநேரம் யோசித்தேன். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உள்ளவர்கள் ஒரு கத்திரி, இரண்டு வெண்டை, ஓரமாக ஒரு பூச்செடி என்று கலந்துதான் வைப்பார்கள். எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? நான் பார்த்த நிலமெல்லாம் கூலிக்குப் போன நிலம். கேந்திக் கொல்லை என்றால் வரப்பிலிருந்து வரப்பு வரை கேந்தி. மல்லாட்டைக் கொல்லை என்றால் முழுக்க நிலக்கடலை. எதை எங்கே வைப்பது என்று எங்களை யாரும் கேட்டதில்லை. முதல்முறையாக என் இஷ்டத்துக்கு ஒரு நிலம் கிடைத்ததும், நான் ஒரு கொல்லைக்காரரின் நிலத்தைத்தான் அப்படியே நட்டு வைத்திருக்கிறேன். இது புரிந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

மொட்டு விட்டிருந்த செடிகள். பிடுங்கி எரு மேட்டில் போட எனக்குக் கை வரவில்லை. செடி ஒடிந்தால் திட்டு வாங்கி வளர்ந்த கை அது. ஆகவே ஒவ்வொன்றையும் வேர் மண்ணோடு களைக்கொத்தால் பெயர்த்து எடுத்தேன். எங்கே கொண்டு போவது என்று நிற்கும்போது, திண்டிவனம் பக்கம் தக்காளிக் கொல்லையைச் சுற்றி ஒரு வரிசை கேந்தி வைப்பது ஞாபகம் வந்தது. வேர்ப்புழு அண்டாது என்பார்கள். தெரிந்த ஜெர்மன் வார்த்தைகளைக் கூட்டி ஹோர்ஸ்டிடம், தக்காளிக்கு நல்லது, வேருக்கு நல்லது என்றேன். அவர் முகம் மாறியது. இது இங்கேயும் எல்லாருக்கும் தெரியும், ஆனால் கடையில் விற்பது சாண் உயரச் செடி. இத்தனை பெரிய செடியை நான் பார்த்ததே இல்லை என்றார். அவருடைய ஸ்ட்ராபெர்ரிப் பாத்தி மூன்று வருடமாகச் சோர்ந்து கிடந்தது. பன்னிரண்டு செடி எடுத்துக்கொண்டு, தன் கைவண்டியை என்னிடம் தள்ளினார்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு படல் படலாகப் போனேன். பூ விற்கிறவள் என்று நினைத்து ஒருவர் கதவைத் திறக்கவே இல்லை. ஒருவர், ஆரஞ்சு நிறம் தன் ரோஜாவுக்கு ஒத்துவருமா என்று மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். மனைவி வந்து ஒத்துவராது என்று சொல்லிவிட்டு ஆறு செடி வாங்கிக்கொண்டார். சும்மா யாரும் வாங்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பியதே கிடையாது. நூக்கல் நாற்று, பீட்ரூட் நாற்று, பீன்ஸ், ஒரு வாளி சிவப்புப் புளிப்புப் பழம். முப்பது மனைகளுக்கு என் செடி போனது. என் மனையில் மூன்றில் இரண்டு பங்கு காயும் கீரையும் ஏறியது. நாலாவது வாரம் தலைவி அம்மாள் வந்து பார்த்துவிட்டு, அட்டையில் ஒரு கோடு போட்டுக் கை குலுக்கினார். போகிறபோது தன் தக்காளிக்கும் நாலு செடி மிச்சமிருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

எனக்கென்று வைத்துக்கொண்டது எண்பது செடி. மாலைக்குத் தாராளம். ஆனால் ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடவே இல்லை. என் மனை சரிவின் அடியில் இருக்கிறது. மேட்டுப் பாத்தியில் நட்டிருந்த நூக்கல் தப்பியது. தாழ்வில் இருந்த கேந்தியின் வேரில் தண்ணீர் நின்று, ஒரு வாரத்தில் எண்பதும் தலை சாய்ந்தன. பிடுங்கினால் வேர் கையோடு கழன்று வந்தது. அன்றைக்கு மரக்குடிசைக்குள் உட்கார்ந்து அழுதேன். ஊரில் வெள்ளம் வந்து பூ அழியும்போது கொல்லைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையான துக்கம் எனக்கு முதல்முறை வந்தது. அதையும் அழுகைக்கு நடுவில் கவனித்தேன்.

புரட்டாசி வந்தது. மேலே மேட்டு மனைகளில் என் செடிகள் இடுப்பு உயரத்துக்குப் பூத்துக் குலுங்கின. நான் தினமும் வேலி ஓரமாக நடந்து, எட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன். கேட்க வாய் வரவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பது ஒரு கூச்சம். அதைவிட, அடுத்தவர் வேலிக்குள் கூப்பிடாமல் பூவில் கை வைப்பது எங்கள் பக்கம் திருட்டு. சேகர், நீ கேக்காம அவங்களுக்கு எப்படித் தெரியும், ஜல்தியா போய்ச் சொல்லு, பனி விழுந்தா எல்லாம் பேஜாராயிடும் என்று விரட்டினார். கடைசியில் ஹோர்ஸ்டிடம் சொன்னேன். என் அம்மாவின் கருவிக்கு ஒரு திருநாள் உண்டு, அதற்குப் பூ வேண்டும் என்றேன். அவர் தான் போட்ட பிடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். கருவிக்குத் திருநாள் என்பதில் அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. இத்தனை நாள் இல்லாமல் போனதுதான் ஆச்சரியம் என்றார். அந்த நாள் காலையில் பூப் பறிக்க வருகிறேன், சம்மதம் உள்ளவர்கள் படலைத் திறந்து வையுங்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சீட்டு எழுதி, சங்கத்துப் பலகையில் ஒட்டினோம். நான் எழுதிய ஜெர்மனில் ஹோர்ஸ்ட் ஏழு தப்பு திருத்தினார்.

ஆயுத பூஜை அன்று காலை, விடிந்தும் விடியாமல் வாளியோடு போனேன். யாராவது ஒருவர் திறந்தாலும் போதும் என்றுதான் போனேன். பாதை நெடுக ஒவ்வொரு படலும் திறந்திருந்தது. காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். என் செடி வாங்காத அந்த மனிதர் கூட, எதற்கும் இருக்கட்டும் என்று திறந்து வைத்திருந்தார். கொஞ்ச நேரம் எனக்குக் கண் தெரியவில்லை. பிறகு முதல் மனைக்குள் போய், இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய வேகம் கையில் அப்படியே இருந்தது. கூடவே வந்த சேகர் திண்டிவனத்துக்கு வீடியோ போட்டு, போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார். அங்கே பொழுது ஏறியிருந்தது. அம்மா உற்றுப் பார்த்தது. வேலி, வேறு வேறு வீட்டுக் குடிசை, யாரோ ஒருவர் உலர்த்தியிருந்த துணி.

"இன்னாடி வளரு, அங்க போயும் அடுத்தவங்க கொல்லியிலதான் பூப் பறிச்சிக்கினு இருக்கியா?"

"செடி என்னுதும்மா. நெலந்தான் அவங்களுது."

அம்மா சிரிக்கும் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. யாருக்கு இவ்வளவு பூ என்று கேட்டது. சேகர் போனைத் திருப்பி, வாளிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த களைக்கொத்தைக் காட்டினார். கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துத் தயாராக இருந்தது. அம்மா முகத்தைப் போனுக்கு ஒட்டக் கொண்டுவந்து அந்த இரும்பைப் பார்த்தது. பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"அப்ப நல்ல பூவா பாத்துப் பறி. அடிபட்டத எடுக்காத."

எடுக்கவில்லை. முழுப் பூ, திரட்சியான பூ, நாலு முழ மாலை. ஹோர்ஸ்டின் குடிசை முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்து கோத்தேன். களைக்கொத்தைச் சுவரில் சாய்த்து மாலையைப் போட்டபோது, அது திண்டிவனத்து இரும்பும் ஹோர்ஸ்டின் மரமும் சேருகிற இடத்தில் போய் நின்றது. அம்மா தன் வீட்டிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஹோர்ஸ்ட் தொப்பியைக் கழற்றினார். சேகர் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார்; அதன் சாறு ஹோர்ஸ்டின் பேண்ட் மேல் தெறித்தது. எல்லோரும் சிரித்தோம். அம்மா அழுதுகொண்டே சிரித்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போது பையில் என்னவோ மெத்தென்று இருந்தது. கையை விட்டு எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு கேந்திப்பூ. கசங்கினது, காம்பு ஒடிஞ்சது, புழு கடித்தது. எப்போது எடுத்தேன், எந்த மனையில் எடுத்தேன், ஒன்றும் ஞாபகமில்லை. பூ என்னுடையது என்ற சேதி என் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.